வெளிநாட்டுச் சந்தையில் அறிமுகம் எப்படி மூலதனமாகிறது?

புதிய நாட்டுக்குள் நுழையும் நிறுவனத்துக்குச் சுங்கவரியை விடப் பெரிய தடை, அங்கே அதை யாருக்கும் தெரியாது என்பதுதான். ஸ்வீடன் ஆய்வாளர்கள் யோஹான்சனும் வால்னேவும், நிறுவனங்கள் அயல்சந்தையை அனுபவத்தில் கற்றுப் படிப்படியாக முதலீட்டைக் கூட்டுகின்றன என்று 1977-ல் விளக்கினார்கள். 2009-ல் அதை அவர்களே திருத்தினார்கள்: சந்தை என்பதே நிறுவனங்களுக்கு இடையிலான உறவு வலை, அதற்கு வெளியே நிற்பதுதான் உண்மையான சுமை.

அந்தச் சுமை பணமாகவே தெரியும். அறிமுகமில்லாத வாங்குபவரிடம் எல்சி, அதாவது ஆவணங்கள் சரியாக இருந்தால் பணம் தருவதாக அவருடைய வங்கி தரும் உறுதிக் கடிதம், கேட்க வேண்டியிருக்கும். இரு தரப்பிலும் வங்கிக் கட்டணம். ஆவணத்தில் ஒரு தேதி பொருந்தாவிட்டாலும் பணம் நிற்கும். நம்பகமான ஒருவர் அறிமுகம் செய்துவைத்தால், சரக்கை முதலில் அனுப்பி 60 அல்லது 90 நாளில் பணம் வாங்கிக்கொள்ளலாம். ஏமாற்றினால் செய்தி வலை முழுவதும் பரவும் என்பதே இங்கே பிணை.

தகவலைவிடத் திறமை பரவும்போதுதான் ஆதாயம் பெரிது. டொயோட்டா 1988-ல் அமெரிக்காவின் கென்டக்கியில் கார் உற்பத்தியைத் தொடங்கியது; அடுத்த ஆண்டே உதிரிபாக நிறுவனங்களுக்கென ஒரு சங்கம் உருவானது. டொயோட்டாவின் வல்லுநர்கள் அவற்றின் ஆலைகளுக்கே போய் இலவசமாகக் கற்றுக்கொடுத்தார்கள். பதிலுக்கு, அந்த ஆலைகள் மற்ற உறுப்பினர்களுக்கும் கதவைத் திறந்துவிட வேண்டும். நேரடிப் போட்டியாளர்களை ஒரே குழுவில் சேர்க்கவில்லை. இல்லாவிட்டால் யாரும் வாய் திறந்திருக்க மாட்டார்கள்.

ஒரே உதிரிபாக நிறுவனம் டொயோட்டாவுக்குக் குறைந்த பழுதோடும், அமெரிக்க கார் நிறுவனங்களுக்குக் கூடுதல் பழுதோடும் தயாரித்தது என்று ஜெஃப்ரி டயர், நைல் ஹேட்ச் என்ற ஆய்வாளர்களின் 2006 ஆய்வு காட்டியது. கற்ற முறையை மற்ற வாடிக்கையாளரின் வரிசைக்கும் மாற்றலாமே? அவர்களின் விதிகள் பல நேரம் விடவில்லை. பெரிய பெட்டிகளில்தான் அனுப்ப வேண்டும் என்று ஒருவர் கட்டாயப்படுத்தினால், அவற்றுக்கு இடம் விட வேண்டியிருப்பதால், டொயோட்டா கற்றுக்கொடுத்தபடி இயந்திரங்களை நெருக்கி அடுக்கவே முடியாது. ஆதாயம் உறவோடு ஒட்டியிருப்பதால்தான் போட்டியாளரால் அதை எளிதில் நகலெடுக்க முடிவதில்லை.

கெடுவதும் இதே நெருக்கத்தால்தான். நியூயார்க் ஆடைத் தொழிலை ஆராய்ந்த சமூகவியலாளர் பிரையன் உஸி, நெருங்கிய உறவுகளை மட்டுமே நம்பிய நிறுவனங்கள் மூடப்படும் அபாயம் கூடுவதை 1997-ல் எழுதினார். முக்கிய வாடிக்கையாளர் விலகினால் மாற்று வழி இருக்காது. அயல்நாட்டில் இந்த ஆபத்து விநியோகஸ்தர் வடிவில் வரும்: வாடிக்கையாளர் பட்டியல் அவர் கையில் இருந்தால், வலைக்குள் இருப்பது அவர்தான், நீங்கள் அல்ல. ஆகவே யாருக்கு எவ்வளவு விற்றது என்ற மாதாந்திர விவரத்தை முதல் ஒப்பந்தத்திலேயே கேட்டு வாங்க வேண்டும். விற்பனை சூடுபிடித்த பிறகு அவர் தரமாட்டார்.