ஒரு வரியைச் சோதிக்க முழுக் கோப்பையும் ஓட்டலாமா?

கோப்பைச் சேமிக்கும்போதெல்லாம் விம் என்ற உரைத் திருத்தி சில விநாடிகள் உறைந்துவிடுகிறது என்று உடன் பணிபுரியும் இளைஞர் ஒருவர் அழைத்தார். காலையில் அப்படி இல்லையாம். ஆட்டோகமாண்ட், அதாவது ஒரு நிகழ்வின்போது தானே ஓடும் கட்டளைகளின் பட்டியலைத் திறந்தோம். சேமிக்குமுன் நிரலை ஒழுங்குபடுத்தும் வெளிக் கருவியை அழைக்கும் ஒரே கட்டளை, 12 முறை பதிவாகியிருந்தது. விம் திறந்தபோது ஒன்று. மீதி 11, அவர் விம்மின் அமைப்புகள் உள்ள விம்ஆர்சி கோப்பை மீண்டும் மீண்டும் சோர்ஸ் செய்ததால், அதாவது அதிலுள்ள கட்டளைகளை மறுபடி ஓட்டியதால், சேர்ந்தவை. ஆட்டோகமாண்டை மறுபடி ஓட்டினால் பழையது போய்விடாது, பக்கத்தில் இன்னொன்று குந்திக்கொள்ளும்.

அவர் மாற்ற நினைத்தது கர்சர் நிற்கும் வரியின் பின்னணி நிறத்தை மட்டும்தான். மாறவில்லை என்பதால்தான் அத்தனை முறை முயன்றிருக்கிறார்.

அந்த வரியை மட்டும் ஓட்டியிருக்கலாம். பெரிய வி அழுத்தி வரிகளைத் தேர்ந்தெடுத்து, கோலன் அழுத்தினால் விம் தேர்வின் எல்லையைத் தானே எழுதிக்கொள்ளும். பின்னால் சோர்ஸ் என்று சேர்த்தால் போதும். 2022இல் வந்த விம் 9 இதை ஏற்கும். பழைய பதிப்புகளில் வரிகளை யாங்க் செய்து (நகலெடுத்து), கோலனுக்குப் பின் @ குறியும் இரட்டை மேற்கோள் குறியும் இட்டு ஓட்டுவோம். இரண்டும் ஒன்றுதான் என்று நானும் வெகுகாலம் நினைத்திருந்தேன். எஸ் முன்னொட்டு கொண்ட, கோப்புக்குள் மட்டும் செல்லும் ஃபங்ஷன் இருந்தால் இரண்டாவது வழியில் ஈ81 பிழை வந்து நிற்கும்.

பிழை வந்தால் நல்லதுதான், தெரிந்துவிடும். சத்தமில்லாமல் நடப்பவைதான் வம்பு. ஆட்டோகமாண்ட் பெருகாமலிருக்க அவற்றை ஆகுரூப் என்ற குழுவுக்குள் வைத்து, அதன் முதல் வேலையாகப் பழையவற்றை அழிக்கும் வரியை எழுதுவது வழக்கம். நடுவிலுள்ள ஒரு வரியை மட்டும் தேர்ந்தெடுத்து ஓட்டினால் அந்த அழிக்கும் வரி ஓடாது, மறுபடி பெருக்கம்தான். ஆகுரூப்பைத் திறக்கும் வரியை ஓட்டிவிட்டு மூடும் வரியை விட்டுவிட்டாலோ, அதன்பின் ஓட்டும் ஆட்டோகமாண்ட்களும் அந்தக் குழுவுக்குள் போய் விழும். ஆகவே தொடக்கம் முதல் முடிவு வரை ஒரு துண்டாகவே தேர்ந்தெடுங்கள். திரையின் அடியில் தெரியும் ஸ்டேட்டஸ்லைனில் கூட்டல் குறியால் சேர்க்கும் வரிகளும் அப்படியே: முதலில் வெறுமையாக்கும் வரியை விட்டுவிட்டால் கீழே எல்லாம் இரண்டிரண்டாகத் தெரியும்.

இன்னொன்று: ஒரு விசைக்கு வேலையை ஒதுக்கும் மேப்பிங் வரியைக் கோப்பிலிருந்து அழித்தாலும் ஓடிக்கொண்டிருக்கும் விம்மில் அது உயிரோடுதான் இருக்கும். ஈமாக்ஸ் என்ற இன்னொரு திருத்தியைப் பயன்படுத்துவோரும் சிரிக்க வேண்டாம். அங்கே ஏற்கெனவே மதிப்புள்ள மாறியை, தொடக்க மதிப்பு தரும் டெஃப்வார் வரியால் மாற்ற நினைத்து, பகுதியை மட்டும் ஓட்டினால் பழைய மதிப்பே நிற்கும்.

இளைஞரின் கதைக்கு வருகிறேன். நிறத்தைச் சொல்லும் ஒற்றை வரியைத் தேர்ந்தெடுத்து ஓட்டினேன். உடனே மாறியது. வரியில் குற்றமில்லை என்றால் அதற்குக் கீழே ஏதோ ஒன்று அதை அழிக்கிறது. 40 வரிகள் தள்ளி, வண்ணத் தொகுப்பை ஏற்றும் கலர்ஸ்கீம் கட்டளை இருந்தது. அது வரும்போது முந்தைய நிறங்களைத் துடைத்துவிட்டுத் தன்னுடையதை வைக்கும். வரியை அதற்குக் கீழே நகர்த்தினோம். சோர்ஸ் செய்யப் போன அவர் கையைத் தடுத்து, விம்மை மூடிவிட்டுப் புதிதாகத் திறக்கச் சொன்னேன். நிறம் வந்தது, சேமிப்பதும் நொடியில் முடிந்தது.