‘ஏலத் தீர்ப்பு’ என்றால் என்ன?

போன மாதம் கும்பகோணத்தில் நாங்கள் சீட்டாடும் மனமகிழ் மன்றத்து வாசலில் ஓர் அறிவிப்பு ஒட்டினார்கள். “சீட்டு ஏலத் தீர்ப்பும் கை மதிப்பீடும்: புதியவர்களுக்கு விளக்கம், ஞாயிறு காலை 10 மணி.” பிரிட்ஜ் என்ற சீட்டாட்டம் கற்றுக்கொள்ள வந்த ஏழெட்டுப் பேருக்குப் பாடம் எடுப்பவன் நான்தான். ஆனால் அறிவிப்பு என் கைவேலை இல்லை. ‘பிட்டிங் ஜட்ஜ்மென்ட்’, ‘ஹேண்ட் இவாலுவேஷன்’ என்று நான் சொன்ன தலைப்பை யாரோ கைபேசியில் தட்டித் தமிழாக்கி அச்சடித்துவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஒன்பதரைக்கே ஓர் அம்மா வந்து நின்றார். அறுபத்தைந்து வயதிருக்கும். மஞ்சள் பைக்குள் பாலிதீன் உறையில் சுற்றிய பாஸ்புத்தகம்.

“தம்பி, சீட்டு கேஸுல தீர்ப்பு வந்துடுச்சாமே? பணம் எப்ப குடுப்பாங்க?”

“இது அந்தச் சீட்டு இல்லீங்கம்மா. வெளையாடுற சீட்டு.”

அவர் அறிவிப்பை இன்னொரு தடவை படித்தார். என்னையும் மேலும் கீழும் பார்த்தார். “ஏலம்னு போட்டிருக்கு, தீர்ப்புன்னு போட்டிருக்கு. வெளையாட்டுக்கா இப்படி எழுதுவாங்க?”

நான் என்ன பதில் சொல்வது? எங்கள் பக்கத்தில் சீட்டு என்றால் முதலில் மாதச் சீட்டுதான் நினைவுக்கு வரும், பிறகுதான் இஸ்பேடும் கிளாவரும். சீட்டோடு ஏலம் சேர்ந்தால் ஏலச்சீட்டு. தீர்ப்பும் சேர்ந்தால் ஓடிப்போன கம்பெனி. அந்த அம்மா சரியாகத்தான் படித்திருக்கிறார், எழுதினவர்தான் தப்பு.

‘ஏலம்’ என்ற இந்த மொழிபெயர்ப்பை நான் பார்ப்பது முதல் தடவை அல்ல. 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டியில் பிரணாப் பர்தனும் சிப்நாத் சர்க்காரும் பிரிட்ஜில் தங்கம் வாங்கினார்கள். அப்போது யாரோ எழுதிய குறிப்பு ஒன்றில் “முதலில் வீரர்கள் ஏலம் நடக்கும்” என்று படித்தேன். கிரிக்கெட்டில் ஆளை விலைக்கு எடுப்பார்களே, அதுபோல இங்கேயும் பர்தனை யாரோ ஏலத்தில் எடுத்தார்களா என்று என் மருமகன் கேட்டான்.

‘பிட்’ என்ற சொல்லின் கதை சின்னது. பழைய ஆங்கிலத்தில் இரண்டு வினைகள் இருந்தன. ஒன்று வேண்டிக் கேட்பது, மற்றது முன்வைப்பது, ஆணையிடுவது. காலப்போக்கில் இரண்டும் ஒரே சொல்லாகக் கலந்துபோயின. அவ்வளவுதான். சீட்டில் ‘பிட்’ என்றால் “இத்தனை பிடி எடுப்பேன், இது துருப்பு” என்று ஒருவர் தன் முறை வரும்போது சொல்வது. ஆளுக்கொரு சீட்டுப் போட்டு ஒருவர் அள்ளுகிற சுற்று ஒரு பிடி, மற்ற வகைகளை வெட்டுகிற வகை துருப்பு. பிரிட்ஜில் நான்கு பேருக்கும் ஆளுக்குப் பதின்மூன்று சீட்டு. எதிரெதிரே உட்கார்ந்தவர்கள் ஜோடி. “ஒரு ஆடுதன்” என்றால் ஆறோடு ஒன்று, ஏழு பிடி, ஆடுதன் (ஹார்ட்) துருப்பு. ஒருவர் கேட்டபின் அடுத்த மூன்று பேரும் வரிசையாக ‘பாஸ்’ சொன்னால் அந்தக் கேள்வி நின்றுவிடும், அதுவே ஒப்பந்தம்.

கவனித்தீர்களா, ‘கேட்டபின்’ என்று எழுதிவிட்டேன், ‘கேள்வி’ என்றும் எழுதிவிட்டேன். இதற்காக நான் யோசிக்கவே இல்லை. முன்னூற்றுநாலு என்ற சீட்டாட்டம் ஆடுகிற திண்ணையில் வளர்ந்தவனுக்கு அப்படித்தான் வரும். “எவ்ளோ கேக்குற?” என்பார்கள். “அவன் கேட்டுட்டான், நீ சும்மா இரு” என்பார்கள். கோயில் தென்னந்தோப்புக் குத்தகைக்குப் போனாலும் அதே சொல்தான். கூறுகிறவர் ஏலம் கூறுகிறார், நிர்வாகம் ஏலம் விடுகிறது, வந்தவர்கள் கேட்கிறார்கள், அதிகக் கேள்வி கேட்டவர் எடுக்கிறார். ஏலம் என்பது மொத்த நிகழ்ச்சி. அதற்குள் ஓர் ஆள் வாயைத் திறந்து ஒரு தொகை சொன்னால் அது கேள்வி. ‘பிட்’டுக்கு ‘ஏலம்’ என்று எழுதுவது, பந்தியில் ஒரு கரண்டி சாம்பார் கேட்டவரிடம் கல்யாணத்தையே பரிமாறுவது மாதிரி.

இன்னொரு நண்பர் ‘ஒப்பந்தப்புள்ளி’ என்றார். அரசாங்கத்துச் சொல், டெண்டருக்கு ஆகும். பிரிட்ஜிலோ ஒப்பந்தமும் தனியாக இருக்கிறது, புள்ளியும் தனியாக இருக்கிறது. இரண்டையும் ஒட்டி மூன்றாவதாக வேறொன்றைச் சொன்னால் புதிதாக வந்தவர் எழுந்து போய்விடுவார்.

‘கேள்வி’க்கு இன்னொரு நயமும் உண்டு. தமிழில் கேள் என்றால் வினவு என்றும் பொருள், காது கொடு என்றும் பொருள். பிரிட்ஜில் ஒவ்வொரு கேள்வியும் இரண்டு வேலையும் செய்கிறது. எனக்கு இத்தனை பிடி வேண்டும் என்கிறது, எதிரே இருக்கும் ஜோடிக்கு என் கையில் என்ன இருக்கிறது என்றும் சொல்கிறது. கேட்பது பாதி, கேட்டுக்கொள்வது மீதி. ஆங்கிலத்துக்குக்கூட இந்த வசதி கிடையாது.

சரி, ஏலத்தை ஒருவாறு மன்னித்துவிடலாம். ‘தீர்ப்பு’தான் எனக்கு ஆறவில்லை. தீர் என்றால் முடி, ஒழி. கடன் தீர்கிறது, கணக்குத் தீர்கிறது, வழக்குத் தீர்கிறது. தீர்ப்பு எழுதிவிட்டால் நீதிபதி அடுத்த வழக்கை எடுக்கலாம். பிரிட்ஜில் ‘ஜட்ஜ்மென்ட்’ என்பது இதற்கு நேர் எதிர். ஒன்றும் முடியாத நேரத்தில், முக்கால்வாசிச் சீட்டு கண்ணில் படாத நேரத்தில், இன்னும் ஒரு படி மேலே கேட்கலாமா, இங்கேயே நிற்கலாமா என்று மனசுக்குள் அளப்பது அது. அடுத்தவர் ஒரு வார்த்தை சொன்னதும் அந்த அளவு மாறும், மாறத்தான் வேண்டும்.

ஒரு கையைப் பாருங்கள். இஸ்பேடில் ஏழு மட்டும், ஒற்றைச் சீட்டு. ஆடுதனில் ராஜா, எட்டு, ஆறு, நாலு. டைமனில் ஆஸ், ஒன்பது, ஏழு, ஐந்து, மூன்று. கிளாவரில் எட்டு, ஆறு, இரண்டு. ஆஸுக்கு 4, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2, ஜாக்கிக்கு 1 என்பது பிரிட்ஜ் உலகத்துப் பொதுக் கணக்கு. மில்ட்டன் வொர்க் என்ற அமெரிக்கர் அதைப் பரப்பினார். கட்டு முழுக்க 40 புள்ளி, ஆகவே சராசரிக் கைக்கு 10. நம் கையில் இருப்பது 7. புதிதாக ஆடுகிறவர் ஏழு என்று எண்ணியதும் முகம் தொங்கிவிடும்.

ஜோடி “ஒரு ஆடுதன்” என்று ஆரம்பிக்கிறார் என்று வையுங்கள். அவரிடம் ஐந்து ஆடுதனாவது உண்டு என்பது எங்கள் ஏற்பாடு. அவர் ஐந்து, நான் நாலு, ஒன்பது துருப்பு எங்கள் பக்கம். அந்த ஒற்றை இஸ்பேட் இப்போது வரம். முதல் பிடியை எதிரிக்கு விட்டுவிட்டு, அடுத்த இஸ்பேடிலிருந்து என் சின்னத் துருப்புகளால் வெட்டிக்கொண்டே இருக்கலாம். ஒற்றைச் சீட்டுக்கு மூன்று கூட்டி, ஏழைப் பத்தாக வைத்து, தைரியமாக “மூன்று ஆடுதன்” கேட்கலாம். அதே ஜோடி “ஒரு இஸ்பேட்” என்று ஆரம்பித்திருந்தால்? அவர் நீளமாக வைத்திருப்பதில்தான் என்னிடம் ஒன்றே ஒன்று. வரம் சாபமாகிவிட்டது. ஏழு ஏழாகவே கிடக்கும். “ஒரு நோட்ரம்ப்”, அதாவது துருப்பே இல்லாமல் ஏழு பிடி, என்று தாழ்வாகச் சொல்லி ஒதுங்க வேண்டியதுதான். கையில் ஒரு சீட்டுகூட மாறவில்லை.

உட்காரும் இடமும் அப்படித்தான். இஸ்பேடில் ராஜாவும் ஐந்தும் வைத்திருக்கிறேன். எனக்கு வலப்பக்கத்துக்காரர் இஸ்பேட் கேட்டால் எனக்குச் சிரிப்பு வரும். ஆஸ் பெரும்பாலும் அவரிடம் இருக்கும், அவர் எனக்கு முன்னால் போடுகிறவர், அவர் ஆஸைப் போட்டால் என் ராஜாவைப் பதுக்குவேன், போடாவிட்டால் ராஜாவை இறக்குவேன். இடப்பக்கத்துக்காரர் கேட்டால் என் ராஜா பித்தளை. நான் போட்டதும் பின்னாலேயே அவர் ஆஸ் வந்து விழுங்கும்.

இப்படி நிமிஷத்துக்கு நிமிஷம் கூட்டிக் குறைப்பதற்கா தீர்ப்பு என்று பெயர்? தமிழில் இதற்கென்றே ஒரு சொல் புழங்குகிறது. நிதானம். கொத்தனார் ரசமட்டம் வைக்காமல் கண் நிதானத்தில் கல் வைக்கிறார். கதிர் முற்றிய வயலின் வரப்பில் நின்று, ஒரு மா நிலத்துக்கு எத்தனை மூட்டை காணும் என்று நிதானமாகச் சொல்கிற பெரியவர்கள் எங்கள் பக்கம் இன்னும் இருக்கிறார்கள். எண்ணிப் பார்க்காமலே, ஆனால் குத்துமதிப்பாகவும் இல்லாமல், அனுபவத்தால் அளப்பது. கூடவே, பதறாமல் இருப்பது என்ற பொருளும் அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. நல்ல கை வந்த பரவசத்தில் ஜோடியின் பேச்சைக் காதில் வாங்காமல் உயர உயரக் கேட்டுப் பத்துப் பிடிக்கு எட்டோடு நிற்கிறவரை “நிதானம் தவறிட்டார்” என்றால் எல்லாருக்கும் விளங்கும். “தீர்ப்புத் தவறிட்டார்” என்று சொல்லிப் பாருங்கள்.

எங்கள் குழுவில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் உண்டு. நிதானம் வடசொல் ஆயிற்றே என்றார். ஆமாம் ஐயா, அங்கே அதற்கு மூலகாரணம் என்று பொருள், வைத்தியத்தில் நோய்முதல் காண்பது. நம்மூருக்கு வந்தபின் மண்வாசனை ஏறி வேறு பொருளே கொண்டுவிட்டது. வடசொல் என்று அதை விரட்டினால், அறிவிப்பில் இருக்கும் ‘ஏலம்’ மட்டும் யார் வீட்டுப் பிள்ளை? போர்த்துகீசியர் கப்பலில் வந்தது. துருப்பு டச்சுச் சொல். ஆடுதனும் கிளாவரும் அப்படியே. 1658இல் போர்த்துகீசியரிடமிருந்து நாகப்பட்டினத்தைப் பிடித்து 1781 வரை வைத்திருந்தார்களே, அந்த டச்சுக்காரர்களின் மொழிதான். சீட்டுக்கட்டில் தூய்மை பார்க்க உட்கார்ந்தால் கையில் ஒரு சீட்டும் மிஞ்சாது.

ஆனாலும் ஆசிரியர் ஒரு நல்ல காரியம் செய்தார். வலியறிதல் அதிகாரத்தின் முதல் குறளை எடுத்துப் போட்டார்:

வினைவலியும் தன்வலியும் மாற்றான் வலியும்
துணைவலியும் தூக்கிச் செயல்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எத்தனை பிடி என்பது வினைவலி, என் கை தன்வலி, எதிராளி கேட்டதிலிருந்து தெரிவது மாற்றான் வலி, ஜோடி சொன்னது துணைவலி. நாலையும் ‘தூக்கி’, அதாவது எடைபோட்டு, கேள். பிரிட்ஜ் பாடம் மொத்தமும் இரண்டு அடியில். இதைவிடச் சுருக்கமாக நான் வகுப்பெடுத்ததில்லை. அந்த உற்சாகத்தில் ஆசிரியர் ‘ஹேண்ட் இவாலுவேஷ’னுக்குக் ‘கைத்தூக்கு’ என்று ஒரு சொல் செய்தார். மறுவாரம் வகுப்பில் “இப்போது கைத்தூக்கு பார்ப்போம்” என்றேன். இரண்டு பேர் கையைத் தூக்கினார்கள்.

அதனால் அதற்கு ‘எடைபோடுதல்’ என்று வைத்துக்கொண்டேன். ‘கை மதிப்பீடு’ ஏன் கூடாது என்பீர்கள். மதிப்பு இடுவது மதிப்பீடு, ஒரு தொகையை எழுதி ஒட்டிவிடுவது. வங்கியில் நகை மதிப்பீட்டாளர் கல்லில் உரசி 22 காரட் என்பார். சங்கிலியை மாமியார் போட்டாலும் மருமகள் போட்டாலும் 22தான். சீட்டில் ராஜா யார் கழுத்தில் இருக்கிறார் என்பதைப் பொறுத்து தங்கமாகவும் இருப்பார், பித்தளையாகவும் இருப்பார் என்று இப்போதுதான் பார்த்தோம். புள்ளி எண்ணுகிற அந்த முதல் நிமிஷத்துக்கு வேண்டுமானால் மதிப்பீடு பொருந்தும். அதற்குப் பிறகு பொருந்தாது. போதாக்குறைக்கு, ‘கை மதிப்பீடு’ என்றதும் கைரேகையா என்று ஒருவர் கேட்டார்.

மொழிபெயர்க்கிறவர்கள் மேல் எனக்குக் கோபம் வருவது இங்கேதான். அகராதியில் முதலில் இருக்கிற பொருளைப் பிடுங்கி நட்டுவிடுகிறார்கள். அந்தச் சொல் எந்த வயலில் வளர்ந்தது, இங்கே வேர் பிடிக்குமா என்று பார்ப்பதில்லை. எங்களுக்குக் கொடுத்த அச்சுத்தாள் ஒன்றில் ‘டம்மி’க்கு, அதாவது ஜோடி மேசைமேல் விரித்து வைக்கிற கைக்கு, என்ன போட்டிருந்தது தெரியுமா? “பங்காளி தன் போலிக் கையை மேசைமேல் வைக்க வேண்டும்.” போலிக் கை! விபத்தில் கையிழந்தவர்கள் ஆடுகிற ஆட்டமா இது? பங்காளி என்பது இன்னொரு கூத்து. எங்கள் ஊரில் பங்காளி என்றால் வரப்புத் தகராறு. சீட்டில் எதிரே உட்கார்ந்து உங்களுக்காக ஆடுகிறவர் ஜோடி. டம்மியை நான் ‘விரித்த கை’ என்கிறேன்.

அறிவிப்பை மாற்றச் சொல்லி எழுதிக் கொடுத்தேன்: “பிரிட்ஜ் ஆட்டம்: கையை எடைபோடுவது, நிதானமாகக் கேட்பது.” செயலாளர் படித்துவிட்டு, “ஏலம்கிற வார்த்தையே இல்லையே சார், வர்றவங்களுக்குப் புரியுமா?” என்றார். பழைய தாளிலேயே ‘தீர்ப்பு’ மேல் மட்டும் ஒயிட்னர் பூசி, பேனாவால் ‘நிதானம்’ என்று எழுதி வைத்திருக்கிறார்கள். ‘சீட்டு ஏல நிதானம்’. இந்த ஞாயிறு யார் வந்து நிற்கப்போகிறார்களோ.