டேப்ளாய்டு: மருந்துக் கடையில் பிறந்த சொல்

ஆங்கிலத்தில் 'டேப்ளாய்டு' (சிறிய பக்க அளவில் வரும் நாளிதழ்) என்று வரும் இடத்திலெல்லாம் 'மஞ்சள் பத்திரிகை' என்று தமிழில் எழுதுவதை அடிக்கடி பார்க்கிறேன். இரண்டும் ஒன்றல்ல.

இந்தச் சொல் பிறந்தது மருந்துக் கடையில். லண்டனின் பரோஸ் வெல்கம் நிறுவனம், தூள் மருந்தை இறுக்கி அழுத்திச் சின்ன வில்லைகளாக விற்றது. அதற்காக 1884-இல் பதிவு செய்த வணிகப் பெயர்தான் டேப்ளாய்டு. பெயர் ஊரெல்லாம் பரவி, சிறியதாகவும் செறிவாகவும் இருக்கும் எதையும் மக்கள் அப்படியே அழைத்தார்கள். நிறுவனம் வழக்குத் தொடுத்து 1903-இல் வென்றது. ஆனாலும் அந்தச் சொல்லுக்குப் புதுப்பொருள் ஒன்று சேர்ந்துவிட்டதை அதே தீர்ப்பு ஒப்புக்கொண்டது.

சரி, அது நாளிதழுக்கு எப்படி வந்தது? ஆல்ஃபிரட் ஹார்ம்ஸ்வொர்த்தைப் பற்றிச் சொல்லாமல் இதற்குப் பதில் இல்லை. 1865-இல் டப்ளின் அருகே பிறந்தவர். பின்னாளில் நார்த்க்ளிஃப் பிரபு. 1896 மே 4 அன்று லண்டனில் 'டெய்லி மெயில்' நாளிதழைத் தொடங்கினார். விலை அரைப் பென்னி. நீண்ட நாடாளுமன்ற உரைகளைச் சுருக்கினார். குற்றச் செய்தி, பெண்களுக்கான பகுதி, தொடர்கதை என்று பக்கங்களை நிரப்பினார். தென்னாப்பிரிக்காவில் நடந்த போயர் போர்க் காலத்தில் விற்பனை பத்து லட்சத்தை எட்டியது.

1901 ஜனவரி 1 அன்று ஹார்ம்ஸ்வொர்த், அமெரிக்கப் பத்திரிகை அதிபர் ஜோசப் புலிட்சரின் அழைப்பில் அவருடைய 'நியூயார்க் வேர்ல்டு' நாளிதழுக்கு ஒரே ஒரு நாள் ஆசிரியராக இருந்தார். பக்கத்தைப் பாதியாக்கினார், செய்திகளை நறுக்கினார். இருபதாம் நூற்றாண்டின் நாளிதழ் இப்படித்தான் இருக்கும் என்பது அவர் வாதம். வில்லை மருந்தின் பெயர் இந்த வகைத் தாளுக்கு ஒட்டிக்கொண்டது.

'மஞ்சள்' வந்த வழி வேறு. 1890-களில் புலிட்சரும் அவருடைய போட்டிப் பத்திரிகை அதிபர் ஹெர்ஸ்டும் விற்பனைக்காக மோதிக்கொண்டபோது, இருவர் இதழிலும் மஞ்சள் சட்டைச் சிறுவன் கேலிச்சித்திரம் வந்தது. மிகைப்படுத்தி எழுதும் போக்குக்கு அந்த நிறமே பெயரானது. 'வேர்ல்டு' இரண்டு கதையிலும் வருவதால் குழப்பம் வருவது இயல்புதான்.

ஆனால் பரபரப்புக்குப் பேர்போன 'டெய்லி மெயில்' 1971 வரை பெரிய தாளில்தான் வந்தது. நிதானமான லண்டன் நாளிதழ் 'தி டைம்ஸ்' 2004-இல் முழுவதும் சிறிய தாளுக்கு மாறியது. அளவு வேறு, குணம் வேறு.

அப்புறம், தமிழில் என்ன சொல்வது? 'மாத்திரை' என்பதே அளவைக் குறிக்கும் அழகான சொல். கண்ணிமைக்கும் நேரத்துக்கும் இலக்கணம் வைத்த பெயர் அது. இருந்தாலும் 'மாத்திரை இதழ்' என்றால் யாருக்கும் புரியாது. 'சிற்றிதழ்' என்ற சொல்லை இலக்கியக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். அளவைச் சொல்லும்போது 'சிறுபக்க நாளிதழ்', குணத்தைச் சொல்லும்போது 'பரபரப்பு நாளிதழ்' என்பதே என் தேர்வு. 'தி டைம்ஸ் சிறுபக்க நாளிதழானது' என்று எழுதலாம். அங்கே 'மஞ்சள் பத்திரிகை' என்று போட்டால் செய்தியே பொய்யாகிவிடும்.