மீட்டர் கேஜ் கேட்டால் சின்னத் தண்டவாளத்தைத் தலையில் கட்டுகிறார்கள்

போன வாரம் ஆரியங்காவுப் பக்கமிருந்து ஒரு அண்ணாச்சி, அட்டைப் பெட்டியும் கையுமாகச் செங்கோட்டையில் என் மாடல் ரயில் பட்டறைக்கு வந்தார். எஸ்டேட் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். 2010-ல் நின்றுபோன மீட்டர் கேஜ் வண்டி கழுதுருட்டியின் பதிமூன்று கண் பாலத்தில் போவதைப் பேரனுக்குச் செய்து காட்டவேண்டும் என்று ஆசை. கடையில், மீட்டர் கேஜ் என்றால் சின்னப் பாதை, சின்னப் பாதை என்றால் ‘என்’ (N) அளவு மாடல் என்று சொல்லி 9 மில்லிமீட்டர் தண்டவாளத்தையும் அதற்கான வண்டியையும் கொடுத்துவிட்டார்கள். பிளாட்பாரத்துக்கான மனிதப் பொம்மைகள் மட்டும் அதைவிடப் பெரிய ஹெச்.ஓ. (HO) அளவு. நிறுத்திப் பார்த்தால் பொம்மையின் தலை ஜன்னலுக்கு மேலே நிற்கிறது.

"வண்டி ஏன் தம்பி இப்படிக் குறுகிப்போச்சு?" என்று கேட்டார். எனக்குக் கோபம் வந்தது, அவர் மேல் இல்லை. இந்த வருடம் இப்படி வந்த நான்காவது பெட்டி இது.

ஸ்கேல் வேறு, கேஜ் வேறு. நம் ஊர்க்காரர்களுக்கு இது புரியாமல் போகவே கூடாது, ஏனென்றால் நாம் கண்ணால் பார்த்திருக்கிறோம். செங்கோட்டை–புனலூர் பாதை மீட்டர் கேஜாக இருந்தது, 2018-ல் அகலப்பாதையாகத் திறந்தது. தண்டவாளங்களுக்கு நடுவிலிருந்த 1000 மில்லிமீட்டர் 1676 ஆனது. அதற்காக வண்டியில் ஏறுகிற ஆட்கள் வளர்ந்துவிட்டார்களா? டீக்கடைக்காரர் அதே உயரம்தானே? இரண்டு தண்டவாளத்தின் உள்விளிம்புகளுக்கு இடையே உள்ள தூரம் கேஜ். ஆள், கதவு, பாலம், டீக்கடை என்று மொத்த உலகத்தையும் எத்தனை மடங்கு சுருக்குகிறீர்கள் என்பது ஸ்கேல். ஹெச்.ஓ. என்றால் 1:87, ‘என்’ என்றால் 1:160. எண் பெரிதானால் பொம்மை சிறிது.

இப்போது கணக்குப் போடுங்கள். 9 மில்லிமீட்டரை 160-ஆல் பெருக்கினால் 1440. அது ஐரோப்பா, அமெரிக்காவின் 1435 மில்லிமீட்டர் பாதை, மீட்டர் கேஜே இல்லை! அதே 9 மில்லிமீட்டர் தண்டவாளத்தில் 1:87 வண்டியை ஓட்டினால் 783 வருகிறது, அதாவது 762 மில்லிமீட்டர் குறும்பாதைக்குப் பக்கம். தண்டவாளம் ஒன்றுதான், ஸ்கேல் மாறினால் அது காட்டுகிற பாதையே மாறிவிடுகிறது. அண்ணாச்சிக்கு வேண்டியது 1000-ஐ 87-ஆல் வகுத்த 11.5, அதற்கென்று 12 மில்லிமீட்டர் தண்டவாளம் இருக்கிறது. தோட்டத்தில் ஓட்டுகிற பெரிய வண்டி என்றால் இன்னும் நல்லது, எல்.ஜி.பி. என்ற ஜெர்மன் மாடலின் 45 மில்லிமீட்டர் பாதையும் 1:22.5 ஸ்கேலும் மீட்டர் கேஜை மனதில் வைத்தே அமைந்தவை.

அடுத்த தலைவலி, லண்டனில் நர்ஸாக இருக்கிற அக்கா அனுப்பிய ஹார்ன்பி பெட்டி, பிரிட்டிஷ் மாடல் ரயில். "இதன் தண்டவாளமும் 16.5 மில்லிமீட்டர், ஹெச்.ஓ.வும் 16.5, எல்லாம் ஒன்றுதானே" என்பார்கள். ஒன்று இல்லை. பிரிட்டிஷ் இன்ஜின்கள் உருவத்தில் சிறியவை, அந்தக் காலத்து மோட்டார் 1:87 கூட்டுக்குள் அடங்கவில்லை, அதனால் கூட்டை மட்டும் 1:76-ஆகப் பெரிதாக்கிவிட்டுத் தண்டவாளத்தை அப்படியே விட்டார்கள், அதுதான் ஓ.ஓ. (OO) ஸ்கேல். இரண்டும் ஒரே பாதையில் ஓடும், பக்கத்தில் நிறுத்தினால்தான் குட்டு வெளிப்படும். நம் அகலப்பாதைக்கும் இதே கதை: 1:87-ல் 19.3 மில்லிமீட்டர் வரவேண்டும், ஆனால் இந்திய வண்டி மாடல்களை 16.5-ல்தான் ஓட்டுகிறோம். அதில் தப்பில்லை, தெரிந்து செய்தால் சரி. சக்கரத்தை இழுத்து அகலமாக்கித் தரச் சொல்லி மட்டும் என்னிடம் வராதீர்கள்.

அப்புறம், ஸ்கேலும் கேஜும் பொருந்தினாலும் மின்சாரம் பொருந்த வேண்டும். மார்க்லின் என்ற ஜெர்மன் கம்பெனியின் ஹெச்.ஓ. வண்டிக்கு நடுவில் மூன்றாவது தொடர்பு உண்டு, அதைச் சாதாரண இரண்டு தண்டவாள டி.சி. (நேர்மின்சார) பாதையில் வைத்தால் ஷார்ட் ஆகும். கருகின வாசனையோடு வருகிற இன்ஜினை நான் என்ன செய்ய?

வாங்கும்போது இரண்டு எண் கேளுங்கள்: 1-க்கு எத்தனை, தண்டவாளம் எத்தனை மில்லிமீட்டர். "ஹெச்.ஓ. கேஜ் சார்" என்று மட்டும் சொன்னால் பணத்தை எடுக்காதீர்கள். பழைய தண்டவாளம் என்றால் வெர்னியர் அளவுகோலை வைத்து உள்விளிம்பிலிருந்து உள்விளிம்புக்கு அளந்துவிடுங்கள், கண்மதிப்பு வேண்டாம்.

அண்ணாச்சியின் பெட்டியைக் கடையில் திருப்பி எடுக்க மறுத்துவிட்டார்கள், பிரித்தாயிற்றாம். பாலத்தை மட்டும் 1:87-ல் அட்டையில் வெட்ட ஆரம்பித்திருக்கிறார், 12 மில்லிமீட்டர் தண்டவாளத்துக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். தயவுசெய்து, சந்தேகம் இருந்தால் பெட்டியைப் பிரிக்காமல் கொண்டுவாருங்கள். பார்த்துச் சொல்ல நான் காசு வாங்குவதில்லை.