சோற்றுப் பானையில் கிடைக்கும் பசை

எங்கள் வீட்டுக்குக் குக்கர் வந்த பிறகும் சனிக்கிழமைகளில் மட்டும் அம்மா பானையில்தான் உலை வைப்பார். பருத்திச் சேலைகள் துவைக்கும் நாள் அது. சோறு வெந்ததும் வடிதட்டைப் போட்டு மூடி, கைப்பிடித் துணியால் இரண்டு பக்கமும் பிடித்துப் பானையைச் சாய்த்தால், கீழே வைத்த பாத்திரத்தில் பால் மாதிரி கஞ்சி இறங்கும். அதில் ஆளுக்கு ஒரு டம்ளர் உப்புப் போட்டு எங்களுக்கு, மிச்சம் சேலைக்கு. கஞ்சி ஆறியதும் மேலே ஒரு ஆடை படரும். அந்த ஆடையை விரலால் எடுத்து இரண்டு காகிதத்துக்கு நடுவே வைத்து அழுத்தினால் ஒட்டிக்கொள்ளும். பள்ளிக்கூட நோட்டுக்கு அட்டை போட நான் முதலில் பயன்படுத்திய பசை அதுதான்.

குடிக்கிற கஞ்சியே துணியை விறைக்க வைக்கிறது, காகிதத்தை ஒட்டுகிறது. முந்தின நாள் மிஞ்சிய சோறு வடகமாகி எண்ணெயில் பூப்போலப் பொரிகிறது. எல்லாவற்றையும் செய்வது ஒரே பொருள், மாவுச்சத்து. அது எப்படி இத்தனை வேலை பார்க்கிறது என்று ஒரு முறை புரிந்துகொண்டால், கஞ்சியைத் தொட்டியில் கொட்ட மனசு வராது.

அரிசியின் எடையில் முக்கால் பங்குக்கு மேல் மாவுச்சத்துதான். நெல் அதை மிகச் சின்னச் சின்ன மணிகளாகக் கட்டி வைத்திருக்கிறது. ஒரு மணியின் குறுக்களவு 3 முதல் 8 மைக்ரான். பத்துப் பன்னிரண்டு மணிகளை வரிசையாக வைத்தால்தான் ஒரு தலைமுடியின் தடிமன் வரும். உருளைக்கிழங்கின் மாவுமணிகள் இதைவிடப் பல மடங்கு பெரியவை. ஒவ்வொரு மணிக்குள்ளும் குளுக்கோஸ் என்ற சர்க்கரை, கண்ணி கண்ணியாகக் கோத்த சங்கிலிகளாக இருக்கிறது. அதில் இரண்டு வகை. நூல் மாதிரி பெரும்பாலும் நேராக நீளும் சங்கிலிக்கு அமைலோஸ் என்று பெயர். மரக்கிளை போலக் கிளைத்துக் கிளைத்துப் போவது அமைலோபெக்டின். எந்த அரிசி உதிரியாக வரும், எது குழையும் என்பதைப் பெரிதும் தீர்மானிப்பது இந்த இரண்டின் அளவுதான். அமைலோஸ் கூடுதலான அரிசி உதிரியாக நிற்கும். அது ஏறக்குறைய இல்லாத ஒட்டரிசி ஒன்றோடொன்று அப்பிக்கொள்ளும்.

பச்சை அரிசி மாவைத் தண்ணீரில் கரைத்தால் சற்று நேரத்தில் அடியில் படிந்துவிடும். சங்கிலிகள் மணிக்குள் நெருக்கமாக அடுக்கிக் கிடப்பதால் குளிர்ந்த நீர் உள்ளே அதிகம் நுழைய முடியாது. சூடு ஏறும்போது அந்த அடுக்கு தளரும். அரிசி வகையைப் பொறுத்து ஏறக்குறைய 55 முதல் 79 டிகிரி செல்சியசுக்குள் மணிகள் தண்ணீரை உறிஞ்சி உப்பி, தங்கள் பழைய ஒழுங்கை இழக்கின்றன. உள்ளே இருந்த அமைலோஸ் கசிந்து வெளியே வருகிறது. அப்படி உலைநீரில் இறங்கிய சங்கிலிகளும், உடைந்த மணிகளும் சேர்ந்ததே வடிகஞ்சி.

இதைக் கண்ணாலேயே பார்க்க வேண்டுமானால் ஜவ்வரிசிப் பாயசம் வைக்கும்போது பாருங்கள். சேலம் வட்டாரத்தில் மரவள்ளிக் கிழங்கு மாவிலிருந்து வரும் அந்த வெள்ளை உருண்டை, வேக வேக வெளியிலிருந்து உள்ளே கண்ணாடியாக மாறிக்கொண்டே போகும். நடுவில் ஒரு வெள்ளைப் புள்ளி கடைசிவரை நிற்கும். வெப்பமும் நீரும் இன்னும் போய்ச் சேராத மாவு அது. புள்ளி மறைந்தால் வெந்துவிட்டது என்று பொருள். ஒவ்வொரு சோற்றுப் பருக்கைக்குள்ளும் நடப்பது இதேதான், நமக்குத் தெரிவதில்லை அவ்வளவே.

எந்த அரிசியின் கஞ்சி சேலைக்கு நல்லது என்று கேட்டால் பச்சரிசி என்பார்கள். காரணம் சரியானதே. புழுங்கல் அரிசியை உமியோடு ஊறவைத்து அவித்துக் காயவைக்கிறார்கள். அதன் மாவு ஆலையிலேயே ஒரு முறை வெந்து இறுகிவிட்டது. அதனால் உலையில் பருக்கை அதிகம் கரையாது, கஞ்சியும் கொஞ்சம் நீர்த்தே வரும்.

இனி சேலைக்கு வருவோம். பருத்தி நூல் செல்லுலோஸ் என்ற பொருளால் ஆனது. அதுவும் குளுக்கோஸ் சங்கிலிதான். கண்ணிகள் கோக்கப்பட்ட விதம் மட்டும் வேறு. அந்தச் சின்ன வேறுபாட்டால் மாவுச்சத்து நமக்குச் செரிக்கிறது, செல்லுலோஸ் செரிப்பதில்லை. ஆனால் இரண்டு சங்கிலிகளின் ஓரங்களிலும் ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த ஒரே மாதிரியான கொக்கிகள் வரிசையாக இருக்கின்றன. நடுவில் இருக்கும் தண்ணீர் ஆவியானதும் ஒன்றின் கொக்கி மற்றதைப் பிடித்துக்கொள்ளும். இதை ஹைட்ரஜன் பிணைப்பு என்பார்கள். தனித்தனியாக ஒவ்வொரு பிடியும் பலவீனமானது. கோடிக்கணக்கில் சேரும்போது துணி அட்டை மாதிரி நிற்கிறது. ஈரம் பட்டால் தண்ணீர் நடுவில் புகுந்து பிடியை விடுவித்துவிடும், அடுத்த சலவையில் கஞ்சி போய்விடும். கஞ்சிப் படலத்தின் மேல் படிந்த அழுக்கும் அதோடு சேர்ந்தே போவதால், கஞ்சி போட்ட துணி வெளுப்பதும் சுலபம்.

செய்முறையிலும் இந்த அறிவியல்தான். கஞ்சியை மெல்லிய துணியில் வடிகட்ட வேண்டும், இல்லாவிட்டால் பருக்கைத் துணுக்குகள் திட்டுத் திட்டாக ஒட்டும். தண்ணீர் சேர்த்து நீர்க்கவிட்டு, அலசிய சேலையை முக்கி, முறுக்காமல் லேசாகப் பிழிந்து நிழலில் உலர்த்த வேண்டும். அடர்ந்த நிறச் சேலையில் கெட்டிக் கஞ்சி போட்டால் வெள்ளைத் தடம் தெரியும். காய்ந்த பிறகு தண்ணீர் தெளித்துச் சுருட்டி வைத்து அப்புறம் இஸ்திரி போடுவதற்கும் காரணம் உண்டு. அந்த ஈரம் பிணைப்புகளைத் தளர்த்துகிறது. சூட்டில் நூலும் படலமும் இளகி, பெட்டியின் எடையில் தட்டையாகப் படிகின்றன. ஈரம் போனதும் அதே நிலையில் இறுகிவிடுகின்றன. காய்ந்த துணியில் எவ்வளவு அழுத்தித் தேய்த்தாலும் அந்த மடிப்பு வராது.

நெசவாளர்களுக்குக் கஞ்சி அழகுக்கானதே இல்லை. அது பிழைப்பு. தறியில் பாவு நூல்கள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டே இருக்கும். பிசிறு கிளம்பினால் இழை அறும். அதனால் பாவைத் தெருவில் நீளமாக விரித்துக் கட்டிக் கஞ்சி தோய்த்து, பிசிறு படியும்படி நீவிக் காயவைப்பார்கள். கொங்குப் பக்கமும் சேலத்துப் பக்கமும் நெசவாளர் ஊர்களில் பாவடி என்று இடத்துக்குப் பெயரே இருப்பது இதனால்தான்.

ஒரு எச்சரிக்கை. கஞ்சி போட்ட சேலையை மாதக்கணக்கில் பெட்டிக்குள் வைக்காதீர்கள். நமக்குச் செரிக்கிற மாவு வெள்ளிப்பூச்சிக்கும் கரப்பானுக்கும் செரிக்கும். எடுத்து வைக்க வேண்டிய சேலையைக் கஞ்சி போக அலசிவிட்டு வைப்பதே நல்லது.

பசைக்கும் இதே கதை. தபால் உறை ஒட்டச் சோற்றுப் பருக்கையை நசுக்கித் தேய்த்த தலைமுறை நாம். கொஞ்சம் கூடுதலாக வேண்டுமானால் மைதாவைக் காய்ச்ச வேண்டும். மாவை நேராகக் கொதிநீரில் போட்டால் கட்டி தட்டும். வெளி மாவு உடனே வெந்து பிசினாகி, உள்ளே இருக்கும் காய்ந்த மாவுக்குத் தண்ணீர் போக விடாமல் அடைத்துக்கொள்கிறது. அதனால்தான் முதலில் பச்சைத் தண்ணீரில் கரைத்து மணிகளைப் பிரித்துவிட்டு அப்புறம் சூடாக்குகிறோம். கிளறும்போது வெண்மை போய்க் கண்ணாடிப் பளபளப்பு வந்தால் இறக்கிவிடலாம். புத்தகம் கட்டுகிறவர்கள் பூச்சி அரிக்காமல் இருக்க அதில் மயில்துத்தம் கலப்பதுண்டு. அது நஞ்சு, குழந்தைகள் புழங்கும் வீட்டுக்கு வேண்டாம். வீட்டுப் பசையை இரண்டு நாளைக்கு மட்டும் காய்ச்சினால் போதும்.

இந்தப் பசையை யாரும் மட்டமாக நினைக்க வேண்டியதில்லை. உலகெங்கும் ஆவணக் காப்பகங்களில் கிழிந்த பழைய காகிதங்களை ஒட்டுவது கோதுமை மாவுச்சத்துப் பசையால்தான். நூறு ஆண்டு கழித்து ஒருவர் ஈரம் காட்டினால் காகிதத்துக்குச் சேதமில்லாமல் பிரித்துவிடலாம் என்பதே அதன் பெருமை. சீனாவில் ஒட்டரிசிக் கஞ்சியைச் சுண்ணாம்பில் கலந்து மதில் கட்டியிருக்கிறார்கள். அந்தக் காரையை ஆராய்ந்த செஜியாங் பல்கலைக்கழக வேதியியலாளர்கள், அதன் வலுவுக்கு அரிசியின் அமைலோபெக்டின் காரணம் என்று 2010இல் எழுதினார்கள். சுண்ணாம்புப் படிகங்கள் பெரிதாக வளராமல் சிறியதாகவும் நெருக்கமாகவும் அமைய அது உதவுகிறதாம்.

சங்கிலிகள் இருப்பதை வீட்டில் சோதித்துப் பார்க்கலாம். மருந்துக் கடையில் கிடைக்கும் அயோடின் டிங்சரை ஆறிய கஞ்சியில் ஒரு சொட்டு விட்டால் கருநீலமாகிவிடும். அமைலோஸ் நூல் சுருள்வில் மாதிரி சுருண்டிருக்கிறது, ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய ஆறு குளுக்கோஸ். அந்தச் சுருளின் நடுக்குழாயில் அயோடின் போய் வரிசையாக உட்காரும்போது நீலம் தெரிகிறது. அந்தக் கிண்ணத்தை வெந்நீரில் வைத்துச் சூடாக்குங்கள். சுருள் குலைந்து நிறம் மங்கிவிடும். ஆறவிட்டால் திரும்பி வரும். குழந்தைகள் பத்துத் தடவை செய்யச் சொல்வார்கள். சோதித்த கஞ்சியைக் கீழே கொட்டிவிடுங்கள், அது குடிக்க ஆகாது.

சரி, மிஞ்சிய சோறு. சுடச்சுட மென்மையாக இருந்த பருக்கை ஆறியதும் விறைக்கிறது. தண்ணீர் வற்றியதால் என்று நினைப்போம். மூடிவைத்த பாத்திரத்திலும் அது நடக்கும். வெந்தபோது கலைந்த சங்கிலிகள் ஆறும்போது மறுபடி பக்கம் பக்கமாக வந்து அடுக்கிக்கொள்வதே காரணம். அமைலோஸ் சில மணி நேரத்தில் அடுக்கிக்கொள்ளும், அமைலோபெக்டினுக்கு நாள்கணக்கில் ஆகும். ஃப்ரிட்ஜின் குளிரில்தான் இது மிக வேகமாக நடக்கிறது. அதனால் ஃப்ரிட்ஜில் வைத்த சோறு மணல் மாதிரி ஆகிறது, தண்ணீர் தெளித்துச் சூடாக்கினால் பெருமளவு திரும்பி வருகிறது. இருந்தாலும் ஃப்ரிட்ஜில்தான் வைக்க வேண்டும். சோற்றில் பேசில்லஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் கொதியையும் தாங்கி நிற்கும். வெதுவெதுப்பான சோற்றில் அவை முளைத்து உண்டாக்கும் ஒரு நஞ்சு, மறுபடி சூடாக்கினாலும் போகாது.

அப்படிப் பத்திரமாக வைத்த சோற்றில் வடகம் போடலாம். மறுநாள் காலையில் தண்ணீர் தெளித்துச் சூடாக்கி, பச்சைமிளகாய், சீரகம் சேர்த்துப் பருக்கை தெரியாமல் அரைக்க வேண்டும். உப்பு எப்போதும் போடுவதில் பாதி போதும். தண்ணீர் போனதும் அது கரிக்கும். நன்றாக மசிந்தால்தான் சங்கிலிகள் விட்டுப்போகாமல் ஒரே விரிப்பாகப் பின்னும். அந்த விரிப்புதான் பின்னால் ஆவியைப் பிடித்து நிறுத்தப் போகிறது.

மொட்டைமாடியில் பழைய வேட்டியை நனைத்து விரித்து, நான்கு மூலையிலும் கல் வைத்து, முறுக்கு உழக்கில் பிழிவார்கள். சித்திரை வெயிலில் சாயங்காலத்துக்குள் மேலே காய்ந்துவிடும். ஆனால் அடிப்பக்கம் வேட்டியை விடாது. பிய்த்தால் உடையும். அப்போது என் பாட்டி வேட்டியைத் திருப்பிப் போட்டு, பின்பக்கம் தண்ணீர் தெளித்து, சற்றுப் பொறுத்துத் துணியை இழுப்பார். வடகம் ஒவ்வொன்றாக உரிந்து வரும். வேட்டியில் வடகம் ஒட்டியது கஞ்சி சேலையைப் பிடித்த அதே பிடியால். அதை விடுவித்ததும் அதே தண்ணீர். காப்பகத்தில் ஒருவர் பழைய காகிதத்தைப் பிரிப்பதும் பாட்டி வடகம் உரித்ததும் ஒரே வேலை என்று பிற்பாடு புரிந்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது. உரித்ததை மறுநாள் திருப்பிப் போட்டு இன்னும் இரண்டு வெயில் காட்ட வேண்டும்.

நன்றாகக் காய்ந்த வடகத்தை ஒடித்தால் கண்ணாடி மாதிரி ‘டிக்’கென்று முறியும். அதற்குள் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு தண்ணீர் இன்னும் இருக்கிறது, வெளியே தெரியாமல். 180 டிகிரிக்கு மேல் காய்ந்த எண்ணெயில் போட்டதும் இறுகிய மாவு சட்டென்று ரப்பர் மாதிரி இளகுகிறது. அதே நொடியில் உள்ளே இருக்கும் நீர் ஆவியாகிறது. நீர் ஆவியாகும்போது பருமன் ஆயிரத்து அறுநூறு மடங்குக்கும் மேல் பெருகும். இளகிய விரிப்பை அது ஊதிவிடுகிறது. ஆவி வெளியேறியதும் குமிழ்கள் அப்படியே இறுகி நின்றுவிடும். எண்ணெய் காயாமல் போட்டால் மாவு இளகும் முன்பே நீர் மெல்லக் கசிந்து போய், வடகம் கல்லாகும். ஈரம் மிஞ்சினால் எண்ணெய் தெறிக்கும், நடுவில் பச்சையாக நிற்கும். ஒரு துண்டைப் போட்டால் உடனே பொரிந்து மேலே வர வேண்டும் என்று பார்ப்பது இதற்குத்தான்.

கடைசியாக முறம். கஞ்சி இல்லாமல் இதே கொக்கிகள் செய்யும் வேலை இது. மூங்கில் முறத்தில் இடுக்கு விட்டால், பழைய நோட்டுத் தாள்களைக் கிழித்து இரண்டு மூன்று நாள் ஊறவைத்து, ஊறிய வெந்தயத்தோடு சேர்த்து ஆட்டுக்கல்லில் அரைத்து மெழுகுவார்கள். காகிதமும் செல்லுலோஸ் இழைகள்தான். ஊறும்போது இழைகள் பிரிகின்றன, காயும்போது மறுபடி கைகோக்கின்றன. வெந்தயத்தில் வழவழவென்று வருவது கேலக்டோமன்னான் என்ற இன்னொரு சர்க்கரைச் சங்கிலி. இழைகளுக்கு நடுவே அது பாலம் போடுகிறது. கசப்புக்குப் பூச்சி அண்டாது என்றும் சொல்வார்கள். வழுவழுத்தாள் இதற்கு ஆகாது, அதன் மேல்பூச்சு ஊறவிடாது. செய்தித்தாளும் வேண்டாம். அச்சு மை உணவில் சேரும் என்பதால் செய்தித்தாளில் உணவு பொதிய வேண்டாம் என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016இல் சொல்லியிருக்கிறது. முறமும் அரிசி புடைக்கத்தானே. மெழுகும் பூச்சு விரல் தடிமனுக்கு மேல் போகக் கூடாது. உள்ளே ஈரம் தங்கினால் மூன்றாம் நாளே பூஞ்சை வரும். ஐப்பசி, கார்த்திகையில் தொடங்காமல் தை பிறந்த பிறகு செய்யுங்கள்.