எட்டு ஆன்டெனா வாங்கியும் மாடியில் வைஃபை வரவில்லையா?

போன வாரம் மட்டும் நாலு வீடு. நாலிலும் ஒரே புகார்: "புது ரவுட்டர் வாங்கியும் மாடியில சிக்னல் இல்ல." மதுரையில் பன்னிரண்டு வருடமாக வீடுகளுக்கு இணைய இணைப்பு போட்டுக் கொடுப்பதும் பழுது பார்ப்பதும்தான் என் பிழைப்பு. எத்தனை தடவை சொன்னாலும் வாயால் சொல்வது நிற்காது போலிருக்கிறது, எழுதியே வைத்துவிடுகிறேன்.

நாலாவது வீடு ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவருடையது. படிக்கட்டுக்கு அடியில் ஒரு மாடம். அதில் ஃபைபர் மோடம் (ஃபைபரில் வரும் இணையத்தை வாங்கி வீட்டுக்குள் தரும் பெட்டி), பக்கத்தில் இன்வர்ட்டர், முன்னால் மறைத்துக்கொண்டு ஒரு இரும்பு பீரோ. மோடம் போக, ஒன்றன் மேல் ஒன்றாக மூன்று ரவுட்டர்கள். மூன்றும் ஒரே வருடத்தில் வாங்கியவை. மருமகள் ஆபீஸ் மீட்டிங் வந்தால் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு படிக்கட்டில் வந்து உட்காருகிறாராம். "தம்பி, கடைசியா வாங்குனதுல எட்டு ஆன்டெனா இருக்கு. இதுக்கு மேல என்னதான் வாங்குறது?" என்றார் சார். எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது.

முதலில் வாங்கியது 'மோடம் ரவுட்டர்' என்று அட்டையில் போட்டிருந்த பெட்டி. பின்பக்கம் பார்த்தால் டெலிபோன் வயர் சொருகும் துளை. அது பழைய லேண்ட்லைன் பிராட்பேண்டுக்கானது. ஃபைபர் வீட்டில் அதில் இருக்கும் மோடத்துக்கு வேலையே இல்லை. ஃபைபருக்கான மோடத்தைப் பெரும்பாலும் இணைய நிறுவனமே தருகிறது. அதன் வரிசை எண் அவர்கள் பக்கம் பதிவாகியிருக்க வேண்டும், பதிவு செய்யாமல் நாமாக ஒன்றை வாங்கி மாட்டினால் வேலை செய்யாது. நீங்கள் வாங்க வேண்டியது வைஃபையைப் பரப்பும் வெறும் ரவுட்டர் மட்டும். இரண்டாவது பெட்டியில் கேபிள் சொருகும் துளை, அதாவது போர்ட், எல்லாமே 100 எம்பிபிஎஸ் வேகம்தான். சார் கட்டுவதோ 200 எம்பிபிஎஸ் பிளான். பாதிக் காசு அந்தத் துளையிலேயே போய்விட்டது.

மூன்றாவதுதான் எட்டு ஆன்டெனா. இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் என்னிடம் வருகிறவர்களில் பாதிப்பேர் ஏமாறுவது இங்கேதான்.

ஆன்டெனா அதிகம் என்றால் தூரம் அதிகம் என்று நினைக்கிறீர்கள். இல்லை. பல ஆன்டெனா வைப்பதன் முக்கியக் காரணம் ஒரே நேரத்தில் பல வரிசையாகத் தகவலை அனுப்புவது. உங்கள் போனில் பெரும்பாலும் இரண்டுதான் இருக்கும். ரவுட்டரில் எட்டு இருந்தாலும் அந்த ஒரு போன் இரண்டு வரிசைக்கு மேல் வாங்காது. அப்புறம், சிக்னலின் சக்திக்குச் சட்டப்படியே ஓர் எல்லை உண்டு. 2005இல் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை லைசென்ஸ் இல்லாமல் பயன்படுத்த மத்திய அரசு அனுமதித்தபோதே, இவ்வளவு வாட்டுக்கு மேல் போகக் கூடாது என்று கட்டிவைத்துவிட்டது. ஆன்டெனாவைக் கூட்டி அந்த எல்லையைத் தாண்ட முடியாது.

சரி, சக்தி அதிகமாகவே வருகிறது என்று வைத்துக்கொள்வோம். திருவிழா மைக் செட்டை நினைத்துப் பாருங்கள். கோயிலில் பேசுவது நாலு தெரு தள்ளி உங்கள் வீட்டுக்குக் கேட்கும். உங்கள் வீட்டிலிருந்து நீங்கள் கத்தினால் கோயிலில் கேட்குமா? வைஃபை ஒருவழிப் பேச்சு அல்ல. ரவுட்டர் அனுப்பும் ஒவ்வொன்றுக்கும் உங்கள் போன் பதில் சொல்லியாக வேண்டும். போனிலிருப்பது நகத்தளவு ஆன்டெனா, பேட்டரியை மிச்சம் பிடிக்க வேண்டிய கட்டாயம் வேறு. அதனால்தான் சில வீடுகளில் சிக்னல் கோடு முழுசாக நிற்கும், வாட்ஸ்அப்பில் போட்டோ மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கும். கோடு காட்டுவது ரவுட்டரின் குரலைத்தான், உங்கள் போனின் குரலை அல்ல.

'அதிக டிபிஐ ஆன்டெனா' என்று விற்பது இன்னொரு கூத்து. ஆன்டெனா சிக்னலை எவ்வளவு குவித்து அனுப்புகிறது என்பதன் அளவுதான் டிபிஐ. ஒரு கரண்டி மாவை இட்லியாக ஊற்றலாம், தோசையாகவும் தேய்க்கலாம். மாவு அதேதான். டிபிஐ ஏறினால் சிக்னல் தோசையாகத் தட்டையாகிறது. ஒரே தளத்தில் தூரம் போகும், மாடிக்கு ஏறுவது குறையும். சார் வீட்டில் பிரச்சினையே மாடியில்தான்!

தப்பு ரவுட்டரில் இல்லை, மாடத்தில் இருக்கிறது. இரும்பு பீரோ, நிலைக்கண்ணாடி, ஃபிரிட்ஜ், மீன்தொட்டி, கம்பி கட்டிய கான்கிரீட் எல்லாமே சிக்னலைத் தின்பவை அல்லது திருப்பி விடுபவை. ரவுட்டரை ஹாலுக்குக் கொண்டு வந்து, ஆள் உயரத்தில், திறந்த இடத்தில் வையுங்கள். டிவிக்குப் பின்னால் வேண்டாம். அழகாக இல்லை என்று கப்போர்டுக்குள் பூட்டவும் வேண்டாம், அம்மா, தயவுசெய்து.

இதில் எங்கள் ஆட்கள் மேலும் குற்றம் உண்டு. ஃபைபர் எந்த மூலையில் வீட்டுக்குள் நுழைகிறதோ அங்கேயே மோடத்தை மாட்டிவிட்டு அடுத்த வீட்டுக்கு ஓடுவார்கள். ஒரு நாளைக்கு இத்தனை இணைப்பு என்று அவர்களுக்குக் கணக்கு. நீங்கள் விடாதீர்கள். நல்ல ஃபைபரில் ஒரு கிலோமீட்டருக்கே சிக்னல் அரை டெசிபல்கூட (சிக்னல் இழப்பை அளக்கும் அலகு) குறையாது. வீட்டுக்குள் பதினைந்து மீட்டர் கூடுதலாக இழுப்பதால் ஒரு நஷ்டமும் இல்லை. மடிக்காமல், ஆணியில் சுற்றாமல் இழுத்தால் போதும்.

இடம் மாற்றியும் மாடிக்குப் போதவில்லை என்றால்தான் இரண்டாவது பெட்டி. அதைக் கீழே மோடத்துக்குப் பக்கத்தில் வைப்பதால் என்ன பயன்? மாடிக்கு ஒரு லேன் கேபிள் இழுத்து, அதன் முனையில் வையுங்கள். கேட்5ஈ அல்லது கேட்6 வகைக் கேபிள் என்றால் நூறு மீட்டர் வரை தாராளமாக ஓடும். கேபிளின் உள்கம்பியைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளி நிறம் தெரிந்தால் அது செம்பு பூசிய அலுமினியம், கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கரண்ட் வயர் போகும் பைப்பில் இதைச் சேர்த்து இழுக்காதீர்கள்.

மேலே வைக்கும் ரவுட்டரை 'ஆக்சஸ் பாயின்ட்' முறைக்கு (தனி வலை அமைக்காமல் கீழே உள்ள வலையையே வைஃபையாகத் தரும் முறை) மாற்ற மறந்தால் வீட்டுக்குள்ளேயே இரண்டு தனி வலை ஆகிவிடும். கீழே இருக்கும் பிரிண்டரை மாடி லேப்டாப் தேடித் தேடிக் களைத்துப் போகும். கேபிள் இழுக்கவே முடியாத வாடகை வீடு என்றால் மெஷ், அதாவது கேபிள் இல்லாமலே ஒன்றோடொன்று பேசி ஒரே வைஃபையாக இயங்கும் பெட்டிகளின் தொகுப்பு, வாங்கலாம். ஆனால் இரண்டாவது பெட்டியை சிக்னல் செத்த அறைக்குள் வைக்காமல், பாதி வழியில் வைக்க வேண்டும். சிக்னலை வாங்கித் திருப்பி அனுப்பும் 'ரிப்பீட்டர்' பெட்டிகளில் விலை மலிவானவை, வாங்கும் அதே அலைவரிசையிலேயே திருப்பி அனுப்புவதால் வேகம் கிட்டத்தட்ட பாதியாகும்.

வாங்கும்போது பார்க்க வேண்டியது அவ்வளவு இல்லை. 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் இரண்டும், எல்லா போர்ட்டும் கிகாபிட் (1000 எம்பிபிஎஸ்), முடிந்தால் வைஃபை 6 தலைமுறை. அட்டையில் 'ஏசி1200' என்றிருந்தால் அது 2.4இன் 300 எம்பிபிஎஸ்ஸையும் 5இன் 867 எம்பிபிஎஸ்ஸையும் கூட்டி எழுதிய கணக்கு. எந்த ஒரு போனுக்கும் அந்த 1200 கிடைக்காது. அபார்ட்மென்டில் இருப்பவர்கள் போனை 5இல் இணைத்துப் பழகுங்கள். 2.4இல் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள், அதாவது அந்த அலைவரிசையின் தனித்தனிப் பாதைகள், 1, 6, 11 என்று மூன்றே மூன்று. அதில்தான் பக்கத்து வீடு, எதிர் வீடு, மேல் வீடு எல்லாரும் நெருக்கிக்கொண்டு நிற்கிறார்கள்.

சார் வீட்டில் புதிதாக எதுவும் வாங்கவில்லை. மோடம் ஹாலுக்கு வந்தது, ஒரு கேபிள் மாடிக்குப் போனது, எட்டு ஆன்டெனா பெட்டி அதன் முனையில் உட்கார்ந்தது. மருமகள் படிக்கட்டைவிட்டு எழுந்துவிட்டார். "அப்போ மத்த ரெண்டையும் என்ன தம்பி செய்யறது?" என்று சார் கேட்டதற்குத்தான் என்னிடம் பதில் இல்லை.

ஒரு வேண்டுகோள். "இந்த ரவுட்டர் நல்லா இருக்குமா?" என்று ராத்திரி பத்து மணிக்கு எனக்கு வாட்ஸ்அப்பில் லிங்க் அனுப்பாதீர்கள். இப்போது மோடம் இருக்கும் இடத்தை ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்கள். பீரோவும் தெரிகிற மாதிரி.