குடித்து முடிக்கட்டும்

படகை ஆற்றில் இறக்கிப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை, உள்ளே கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் ஏறிவிட்டது. நான் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். பெரியப்பா படகுத்துறை விளிம்பில் உட்கார்ந்து, பையில் கட்டி வாங்கி வந்த தே தாரேக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தார். "விடுடா. அது குடிச்சு முடிக்கட்டும்" என்றார்.

பெரியப்பா மலேசியாவில் நிபோங் திபால் பக்கத்துத் தோட்டமொன்றில் முப்பது வருஷம் இஞ்சின் டிரைவராக இருந்தவர். இந்த மர வேகப்படகு அந்தத் தோட்டத்தின் பழைய புகைக்கொட்டாயில் கிடந்தது. ரப்பரை வெட்டிச் செம்பனை நட்ட பிறகு அந்தக் கொட்டாய்க்கு யாரும் போவதில்லை. பதினெட்டு அடி நீளம், கூரான மூக்கு, நடுவில் ஆறு சிலிண்டர் பெட்ரோல் இஞ்சின். எந்தக் காலத்துத் துரை கிரியான் ஆற்றில் ஓட்டினாரோ, கட்டியது யார் என்று சொல்லும் தகடுகூட மிஞ்சவில்லை. நாலு வருஷம் ஞாயிற்றுக்கிழமைகளை அதைச் செப்பனிடுவதில் போட்டோம்.

மாட்டுவண்டி பார்த்தவர்களுக்குத் தெரியும். கோடையில் சக்கரம் காய்ந்து, மரம் சுருங்கி, இரும்புப் பட்டை கழன்று ஆடும். வண்டிக்காரர் ஆணி அடிக்க மாட்டார். சக்கரத்தை ஒரு ராத்திரி குளத்தில் கிடத்துவார். காலையில் பட்டை இறுகியிருக்கும். மரப்படகும் அதே கணக்குதான். மரத்தின் செல் சுவரில் மாவுச்சத்தின் உறவுக்காரனான செல்லுலோஸ், நூல் கற்றைபோல மரத்தின் நீளவாக்கில் ஓடுகிறது. தண்ணீர் இந்த நூல்களுக்கு இடையில் புகுந்து அவற்றைப் பக்கவாட்டில் தள்ளுகிறது. அதனால்தான் நனைந்த பலகை நீளத்தில் அநேகமாக மாறுவதே இல்லை, அகலத்தில் மட்டும் உப்புகிறது. நம் ஊர்க் காற்றில் காய்ந்த பலகையில், மரத்தின் எடையில் ஏறக்குறைய 15 சதவீதம் ஈரம் இருக்கும். 28, 30 சதவீதம் வந்ததும் செல் சுவர் நிறைந்துவிடும். அதற்கு மேல் சேரும் தண்ணீர் செல்லின் வெற்றிடத்தில் போய் நிற்குமே தவிர மரம் மேலும் உப்பாது. பெரியப்பா சொன்னது சும்மா பேச்சு இல்லை. மரம் உண்மையிலேயே குடித்து முடிக்கும்.

இதைப் புரிந்துகொள்ள எனக்கு நாலு மாதம் வீணானது. முதல் தடவை இறக்குவதற்கு முன்னால், பலகை இடுக்குகளில் விரல் நகம் நுழைகிறதே என்று பயந்து, பெரியப்பா ஊரில் இல்லாத வாரம் பார்த்து, இரண்டு டியூபைக் கலந்து பூசும் எபாக்சி பட்டியை அத்தனையிலும் அடைத்து மட்டமாகத் தேய்த்துவிட்டேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது. தண்ணீரில் விட்ட மூன்றாம் ராத்திரி அடியில் ஏதோ முறியும் சத்தம். பத்து சென்டிமீட்டர் அகலமுள்ள ஒரு பலகை இரண்டு மூன்று மில்லிமீட்டர் விரியும். பத்துப் பலகை சேர்ந்தால் இரண்டு மூன்று சென்டிமீட்டர். அந்த விரிவு போவதற்கு வைத்திருந்த இடத்தைத்தான் நான் கல்லாக்கியிருந்தேன். பலகைகளைத் தாங்கும் வளைந்த சட்டங்களான விலாக்களில் மூன்று முறிந்திருந்தது, ஸ்க்ரூக்கள் பிடுங்கிக்கொண்டு நின்றன.

இந்த வகைப் படகுகளைக் கட்டியவர்கள் அதற்கு வழி செய்துதான் வைத்திருந்தார்கள். அடிப்பகுதிக்கு இரண்டு அடுக்குப் பலகை: உள்ளடுக்கு சாய்வாக, வெளியடுக்கு நீளவாக்கில், நடுவில் பசையில் ஊறிய துணி. பக்கங்களில் ஒவ்வொரு இடுக்குக்கும் பின்னால் ஒரு மெல்லிய சட்டம். இன்றைக்கு நிறைய பேர் துணிக்குப் பதிலாக ரப்பர்போல வளையும் பாலியூரிதேன் பசையை வைக்கிறார்கள். டிரெய்லரில் ஏற்றி வீட்டில் நிறுத்தும் படகுக்கு அது நல்ல யோசனை என்றே நினைக்கிறேன், பெரியப்பா ஒத்துக்கொள்ளாவிட்டாலும். பசை வளைந்துகொடுக்க வேண்டும், அவ்வளவுதான். நம் கிழக்குக் கரையில் திரங்கானு, பூலாவ் டூயோங் தச்சர்கள் இன்னொரு வழியில் போனார்கள். விலாவை வைப்பதற்கு முன்னாலேயே செங்கால் மரப் பலகைகளை மரமுளையால் ஒன்றோடொன்று கோத்து, நடுவில் கெலாம் மரப்பட்டையை வைத்துவிடுவார்கள். பட்டையும் நனைந்தால் உப்பும்.

முறிந்த விலாக்களுக்குப் பதில் செய்தது ஒரு வேடிக்கை. பழைய இரும்புக் குழாய் ஒன்றை அடுப்பின் மேல் கிடத்தி, ஒரு முனையில் கொதிக்கும் டின், மறுமுனையில் சாக்குத்துணி. ஊர்க்காரர்கள் "என்ன, புட்டு அவிக்கிறீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். அது புட்டுக்குழல்தான். மரநார்களை ஒட்டி வைத்திருக்கும் லிக்னின் என்ற பொருள், ஈரத்தோடு 100 டிகிரிக்குப் பக்கத்தில் சூடானால் இளகும். ஓர் அங்குலக் கனத்துக்கு ஒரு மணி நேர ஆவி. வெளியே எடுத்ததும் ஒரு நிமிடத்துக்குள் வளைத்துப் பூட்டிவிட வேண்டும், ஆறினால் அந்த வளைவிலேயே நின்றுவிடும்.

பலகையைக் கொஞ்சம் சீவி முகர்ந்து பார்த்த தச்சர், "மஹோகனி, மஹோகனின்னு சொன்னீங்க, இது நம்ம மெராந்தி மாதிரியில்ல இருக்கு" என்றார். அவர் பெரிய தவறு செய்யவில்லை. அமெரிக்காவில் பல பெரிய கம்பெனிகள் 'பிலிப்பைன் மஹோகனி' என்று சொல்லிப் பலகை போட்டார்கள். அது மஹோகனியே இல்லை, மெராந்தியின் இனமான ஷோரியா. நம் காட்டு மரத்தின் சொந்தக்காரன் கப்பலேறி வேறு பேரோடு திரும்பி வந்திருக்கிறான். ஸ்க்ரூக்களில் பாதி பித்தளை. உப்பு கலந்த தண்ணீரில் பித்தளையின் துத்தநாகம் கரைந்து போய்விடும். மிஞ்சுவது ரோஸ் நிறத்தில், கையால் ஒடிக்கக்கூடிய செம்புப் பஞ்சு. அத்தனையும் கழற்றி சிலிக்கன் வெண்கல ஸ்க்ரூ போட்டோம்.

சரி, இவ்வளவு மெல்லிய பலகையில், இவ்வளவு கவலையோடு ஏன் கட்டினார்கள்? வேகத்துக்காகத்தான். சாதாரணப் படகு தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போகும்போது மூக்கில் ஓர் அலை எழும்பும். ஆழமான நீரில் அலை நீளமானால் அதன் வேகமும் கூடும். படகு வேகமெடுக்கும்போது அந்த அலை நீண்டு நீண்டு, கடைசியில் படகின் நீளத்துக்கே சமமாகிவிடும். எங்கள் பதினெட்டடிக்கு அது மணிக்கு ஏறக்குறைய 10 கி.மீ. அதற்கு மேல் போக வேண்டுமென்றால், படகு தான் எழுப்பிய அலையிலேயே மேடேற வேண்டும். சம்பானில் எவ்வளவு பெரிய இஞ்சின் வைத்தாலும் பின்பக்கம் அமுங்கி மூக்கு வானம் பார்க்குமே, அதுதான் இது.

சின்ன வயதில் ஓட்டாஞ்சில்லை ஆற்றில் வீசித் தவளை விட்டிருப்பீர்கள். சில்லு மிதப்பதில்லை, தண்ணீரை அடித்துக் கீழே தள்ளுவதால் மேலே எழும்புகிறது. வேகப்படகின் தட்டையான பின்னடி செய்வதும் அதே வேலை. மேட்டைத் தாண்டியதும் பாதி உடம்பு தண்ணீருக்கு வெளியே வந்துவிடும், உரசல் குறையும். அடியும் பக்கமும் சேரும் விளிம்பு கத்திபோல் கூராக இருக்க வேண்டும். உருண்டையாக இருந்தால் தண்ணீர் ஒட்டிக்கொண்டு மேலே ஏறிப் படகைப் பின்னுக்கு இழுக்கும். அதனால் செப்பனிடும்போது அடியின் கடைசி நாலைந்து அடி நீளத்தை நூல் கட்டிப் பார்க்க வேண்டும். எங்கள் படகு வருஷக்கணக்காக இரண்டே கட்டைகளில் உட்கார்ந்திருந்ததால், பின்முனை விரல் கனத்துக்குக் கீழே வளைந்திருந்தது. அந்த வளைவு போதும், ஓட்டும்போது மூக்கை அமுக்கிக்கொண்டே இருக்கும். மேல்நோக்கி வளைந்திருந்தால் குதிரைபோலத் துள்ளும்.

மேடேற பலம் வேண்டும். அந்தப் பலம் எங்கிருந்து வந்தது என்பதுதான் எனக்குப் பிடித்த கதை. 1917-இல் முதல் உலகப் போருக்காக, ஜெஸ்ஸி வின்சென்ட், எல்பர்ட் ஹால் என்ற இரண்டு பொறியாளர்கள் வாஷிங்டன் ஹோட்டல் அறையொன்றில் ஒரு வாரத்துக்குள் ஒரு விமான இஞ்சினை வரைந்தார்கள். பெயர் லிபர்ட்டி. பன்னிரண்டு சிலிண்டர், 27 லிட்டர், 400 குதிரைத்திறன். இருபதாயிரத்துக்கும் மேல் செய்தார்கள். அதற்குள் போர் முடிந்தது, மிச்சம் மலையாகக் குவிந்தது. அதை அள்ளியவர்களில் ஒருவர் கார் வுட் என்ற அமெரிக்கர். லாரிப் பெட்டியைத் தூக்கிக் கொட்டும் ஹைட்ராலிக் கருவியில் பணம் பார்த்தவர். இன்றைக்குச் செம்பனைக் குலையைக் கொட்டும் லாரிக்குப் பின்னாலும் அந்த யோசனைதான் இருக்கிறது. 1920-இல் இரண்டு லிபர்ட்டி பூட்டிய படகோடு இங்கிலாந்து போய், வேகப்படகுப் பந்தயத்துக்கான ஹார்ம்ஸ்வொர்த் கோப்பையைத் தூக்கி வந்தார். 1932-இல் நான்கு பேக்கார்ட் விமான இஞ்சின் பூட்டிய படகில் மணிக்கு 200 கி.மீ.-ஐத் தாண்டினார். மரப்படகில்!

27 லிட்டரில் 400 குதிரைத்திறன் என்றால் நம்மூர் மைவி கார்க்காரர் சிரிப்பார். அவருடைய ஒன்றரை லிட்டரே நூறு தருகிறது. லிட்டருக்கு லிபர்ட்டி பதினைந்து, மைவி அறுபதுக்கு மேல். வித்தியாசத்தில் பெரும்பங்கு சுழற்சியில்: மைவியின் இஞ்சின் உச்ச பலத்தில் நிமிடத்துக்கு 6,000 சுற்று, லிபர்ட்டி 1,700-ஐ ஒட்டி. அந்தக் காலத்துக் கனமான பிஸ்டன்களை அதைவிட வேகமாக ஆட்டினால் தாங்காது. மீதி, பெட்ரோலின் தரம். காற்றும் பெட்ரோலும் கலந்த கலவையை அதிகமாக அமுக்கினால் பொறி வருவதற்கு முன்பாகவோ, வந்தபின் தாறுமாறாகவோ வெடிக்கும். அன்றைய பெட்ரோலுக்கு ஐந்து மடங்குக்குச் சற்று மேல் அமுக்கினாலே பயம். இன்று பத்துக்கு மேல். வேகமாகச் சுற்ற முடியாது, இறுக்கி அமுக்கவும் முடியாது. பிறகு என்ன, அண்டா சைஸில் செய்ய வேண்டியதுதான். மெதுவாகச் சுற்றுவது படகுக்கு லாபமாகவும் அமைந்தது. புரொப்பெல்லருக்கு மெதுவான சுழற்சியே பிடிக்கும்.

எங்கள் ஆறு சிலிண்டர் அந்தப் பரம்பரையின் சாதுவான பிள்ளை. அதன் பேரிங்குகள் இன்றைக்குக் கடையில் வாங்கும் ஓடுகள் இல்லை. வெள்ளீயம், ஆன்டிமனி, செம்பு கலந்த வெள்ளை உலோகத்தை உருக்கி ஊற்றுவது. பெரியப்பா தோட்டத்து இஞ்சின்களுக்கு எத்தனையோ தடவை ஊற்றியவர். உருகிய உலோகத்தில் மரக்குச்சியை முக்கினார், சட்டெனக் கருகியது, "போதும்" என்று ஊற்றினார். ஆறியதும் கிராங்க் என்ற சுழல்தண்டில் நீல மை தடவி உட்கார வைத்து ஒரு சுற்று. மை ஒட்டிய இடம் மேடு. அதைச் சுரண்டியால் மயிரிழை மயிரிழையாகச் சீவுவார். மறுபடி மை, மறுபடி சீவல். ஒரு பேரிங்குக்கு அரை நாள். கடைசியில் ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு இடைவெளி. அதில் எண்ணெய் புகுந்துகொண்டால் உலோகம் உலோகத்தைத் தொடாமல் மிதக்கும். எண்ணெய் நின்றுபோனால் முதலில் உருகுவது இந்த மென்மையான உலோகம், கிராங்க் தப்பிக்கும். மலிவான பொருளைக் காவு கொடுத்து விலையுயர்ந்ததைக் காப்பாற்றும் ஏற்பாடு.

தீப்பொறிக்கும் இடைவெளிதான் கணக்கு. காயிலின் தடித்த கம்பிச் சுற்றில் மின்சாரம் ஓடும்போது காந்தப்புலம் நிறையும். மின்சாரத்தை வெட்டும் சுவிட்சான பாயிண்ட் திறந்ததும் அது பொத்தென்று சரியும். பக்கத்தில் மெல்லிய கம்பி ஆயிரக்கணக்கான சுற்றாக இருப்பதால் ஆறு வோல்ட் பதினைந்தாயிரத்துக்கு மேல் எகிறும். பாயிண்ட் இடைவெளி அரை மில்லிமீட்டர். கூடினால் காந்தப்புலம் நிறைவதற்கு நேரம் போதாது, குறைந்தால் பாயிண்டிலேயே தீப்பொறி தின்றுவிடும்.

வார்னிஷ் பத்துப் பன்னிரண்டு கோட். நம் வெயிலுக்கு அதற்குக் குறைந்தால் வீண். ஆனால் எங்கள் பக்கத்தில் படகைக் கொல்வது வெயிலைவிட மழை. ஆற்றில் ஏறிவரும் உப்புத் தண்ணீரைவிட, அடியில் தேங்கும் மழைத் தண்ணீரில்தான் மரத்தை உளுக்க வைக்கும் பூஞ்சை சுகமாக வளரும். உப்புத் தண்ணீரின் பங்குக்குக் கப்பல் புழு இருக்கிறது. பேர்தான் புழு, உண்மையில் அது மரம் துளைக்கும் சிப்பி. வெளியே குண்டூசித் துளை, உள்ளே விரல் நுழையும் சுரங்கம்.

நாலாம் நாள் காலை உள்ளே தண்ணீர் ஏறவில்லை. பெரியப்பா இஞ்சின் மூடியைத் திறந்து, குனிந்து, அடியில் முகர்ந்தார். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம். படகின் அடியில் குளம்போலத் தேங்கி நிற்கும், ஒரு பொறி போதும். மூடியைத் திறந்தே வைத்து, ஒரு சுருட்டு பிடிக்கும் நேரம் காத்திருந்தோம், சுருட்டு இல்லாமல். பிறகு சாவியைத் திருப்பினார். இரண்டு தடவை இருமிவிட்டு ஓடியது. ஆற்றின் நடுவில் திராட்டிலைத் தள்ளியதும் மூக்கு எழும்பியது, மேட்டில் கொஞ்சம் தவித்தது, அப்புறம் சட்டென்று மட்டமானது. என் கைப்பேசி மணிக்கு 52 கி.மீ. காட்டியது. பெரியப்பா அதைப் பார்க்கவே இல்லை. பக்கவாட்டில் குழாய் வழியே கொட்டும் குளிர்விப்புத் தண்ணீரில் கையை நீட்டிப் பிடித்திருந்தார்.

"சூடு சரி. இன்னும் கொஞ்சம் தள்ளு."